ஆறு பீப்பாய் கறுப்பு பீரும் என் கடுக்காய் நாக்கும்

1. ஷூ

ஏலகிரி துரையின் கறுப்பு பீரை ருசி பார்த்துச் சொல்லப் போன நான், முதல் வாயை அவருடைய வெள்ளை கான்வாஸ் ஷூவின் மேல் துப்பினேன். வேண்டுமென்று செய்யவில்லை. பதினோரு வருஷப் பழக்கம்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கு இது விளங்காது. நீங்கள் குழிச் சாற்றின் பலம் பார்க்க பார்க்கோமீட்டர் என்கிற கண்ணாடிக் குழாயை மிதக்க விடுகிறீர்கள். ஆம்பூரில் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் அப்போது அந்தக் கண்ணாடிக் குழாய் நான்தான். காலையில் ஆவாரம்பட்டைக் குழிகளிலும் அதற்கப்புறம் கடுக்காய்க் குழிகளிலும் விரலை முக்கி நாக்கில் வைப்பேன். துவர்ப்பு போதுமா, புளித்துவிட்டதா, பட்டை மாற்ற வேண்டுமா என்று சொல்லுவேன். பிறகு இடது பக்கம் துப்புவேன். விழுங்கினால் அன்றைக்கு வேலை கிடையாது, வயிற்றுப்போக்குதான். அன்று என் இடது பக்கத்தில் துரை நின்றார். அதற்கு நான் என்ன செய்ய?

எங்கள் ஷாப்புத் தோல் மொத்தத்தையும் சீமைக்கு வாங்கி அனுப்பியவர் அந்தத் துரை. ஏலகிரி மேல் பங்களா கட்டிக்கொண்டு, தம் ஊர் வழக்கப்படி லாகர் என்கிற பீரைத் தாமே காய்ச்சினார். குளிரில் பல வாரம் படுக்கவைத்து எடுக்கிற சரக்கு அது. அதற்காகப் பாறையைக் குடைந்து ஓர் அறை. மெட்ராஸிலிருந்து ரயிலில் ஐஸ் வந்து, மரத்தூள் மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு மலையேறும். பாதி ஐஸ் வழியிலேயே தண்ணீராகி இறங்கிவிடும்.

அந்த வருஷம் ஆறு பீப்பாய். வேலூர் கிளப்பில் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போக வேண்டியவை. ருசி பார்க்க வந்த சிநேகிதர் ஒருவர் முகத்தைச் சுளித்துவிட்டார். சுருட்டு பிடித்துப் பிடித்துத் துரைக்கு நாக்கு செத்திருந்தது. அதனால் என் முதலாளியிடம் என்னைக் கேட்டார்.

முதலாளி ஐந்து வேளை தொழுகிறவர். "நாக்கை எடுத்துக்கினு போங்க தொரே. ஆனா அந்த சாமான் நம்ம கேட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார். துரை போனதும் என் பக்கம் திரும்பினார். "சாமேலு, நம்ம சரக்கு அத்தினியும் அவரு கையில கீது. எதையாச்சும் ஒளறி அவரு மனசு கோணிச்சின்னா, நீ அப்படியே மலை மேலயே இருந்துடு. எறங்கி வராத."

சர்ச்சில் மதுவிலக்குச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவன் நான். துப்புகிறவன் குடிகாரன் ஆகமாட்டான் என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு மலையேறினேன்.

2. ருசி

பாறை அறை வாசலில் தலைச்சும்மாட்டைக் கையில் பிடித்தபடி பொன்னன் நின்றான். ஊற்றிலிருந்து பங்களாவுக்குத் தண்ணீர் சுமப்பவன். துரை அவனைச் சுருட்டால் சுட்டிக் காட்டினார்.

"இவன் தண்ணி சுத்தம் இல்லை. அதான் பீர் கெட்டது. நீ ருசி பார்த்து சொல்லு. இவன் இன்னிக்கே போறான்."

பொன்னன் என்னைப் பார்த்தான். நான் பீரைப் பார்த்தேன்.

ஷூ விவகாரம் முடிந்து, துப்ப ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பீப்பாய்க்கும் நடுவே பச்சரிசி மென்று துப்பிவிட்டு, ஷாப்பில் செய்கிறபடியே வரிசையாகப் போனேன். நான் சொல்லச் சொல்ல துரை பென்சிலால் எழுதினார்.

முதல் பீப்பாய். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பழைய பட்டைக் குழியின் நிறம், ஓரத்தில் மட்டும் சிவப்பு. நுரை தடிமனாக நின்றது. மூக்கில் வறுத்த கேழ்வரகு, கொஞ்சம் தீய்ந்த வெல்லம். நாக்கில் வேப்பம்பூ ரசத்துக் கசப்பு. "நல்லா கீது தொரே. ஆனா என்னமோ ஒண்ணு கம்மி" என்றேன். இரண்டாவதும் மூன்றாவதும் அதே.

நாலாவதில் நிமிர்ந்தேன். "இதான் தொரே! இதுல உடம்பு கீது. ஈறைப் புடிக்குது பாருங்க. ஒஸ்தி சரக்கு!" ஐந்தும் ஆறும் அப்படியே. கிளப்புக்கு இந்த மூன்றை அனுப்பலாம், மற்ற மூன்றையும் கீழே கொட்டிவிடலாம் என்று மைசூர் திவான் போலக் கையை வீசிச் சொன்னேன்.

துரை பென்சிலைக் கீழே வைத்தார்.

"என் தோஸ்த் முகம் சுளிச்சது நாலாம் நம்பர்."

அறையில் ஐஸ் இருந்தது. இருந்தும் எனக்கு வியர்த்தது.

"நீ துப்பறே. பீர் தொண்டையிலதான் முடியுது. முழுங்கு!"

சங்கத்துக் கையெழுத்தை மனத்தால் அழித்துவிட்டு ஒன்றாம் நம்பரை விழுங்கினேன். கசப்பு வந்தது, கும்பிட்டது, போய்விட்டது. கழுவித் துடைத்த தரை மாதிரி தொண்டை சுத்தமாக இருந்தது. பிறகு நாலாம் நம்பர். அது போகவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. வாயெல்லாம் வறண்டு சுருங்கியது.

அது யாரென்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் சந்திக்கிற ஆள். கடுக்காய்.

என் நாக்குக்கு அது வீட்டு ருசி. அது இருந்த பீரை ஒஸ்தி என்றேன். இல்லாத பீரில் என்னமோ கம்மி என்றேன். அந்தக் கம்மி கடுக்காய்தான்!

3. மூன்று கோடு

கடுக்காய் எப்படி மலையேறியது? குனிந்து நாலாவது பீப்பாயின் அடியில் கையை விட்டுத் தடவினேன். கத்தியால் கீறிய மூன்று கோடுகள் விரலில் பட்டன. கெட்டிக் கடுக்காய்ச் சாறு வைக்கிற பீப்பாய்க்கு நானே போடுகிற அடையாளம்.

அந்த வருஷ ஆரம்பத்தில் முதலாளி பழைய பீப்பாய் மூன்றை உடைத்து அடுப்பில் போடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. எங்கள் குழி மூடிகளைப் பழுது பார்க்கிற வாணியம்பாடி ஆசாரிக்குக் கொடுத்துவிட்டு, பெரிய சிக்கனக்காரன் என்று மீசையை முறுக்கிக்கொண்டேன். ஆசாரி உள்ளே செதுக்கி, துரைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். செதுக்கினால் போய்விடுமா கடுக்காய்? மாட்டுத் தோலுக்குள்ளேயே புகுந்து உட்காருகிற சாதி அது.

தண்ணீர்தான் காரணம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பிவிடுவேன். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்ததை மறைக்க மாட்டேன்.

வாசலிலிருந்து பொன்னன் சொன்னான்: "மேஸ்திரி, அந்த ஊத்துத் தண்ணியத்தான் எம் புள்ளைங்களும் குடிக்குதுங்க. பார்த்து சொல்லுங்க."

அதற்குமேல் அந்த வார்த்தை நாக்கில் நிற்கவில்லை. அதையும் கிண்ணத்தில் துப்பினேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள்.

"தொரே, ஆறு பீப்பாய்க்கும் ஒரே தண்ணி. மூணு சுத்தமா கீது. தண்ணி கெட்டுதுன்னா ஆறும் இல்ல கெட்டிருக்கணும்? கெட்டது பீப்பாய். எங்க ஷாப்பு கடுக்காய் பீப்பாய். ஒடைக்கச் சொன்னத ஒடைக்காம குடுத்தவன் நான்தான்."

துரை குனிந்து மூன்று கோட்டையும் தடவினார். மற்ற இரண்டு பீப்பாயையும் சாய்த்துத் தடவினார். அங்கேயும் மூன்று மூன்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலையும் போச்சு, ஷாப்பும் போச்சு, சங்கத்திலும் பேர் போச்சு.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். துரை தம் ஷூவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல பீரை என் ஷூவுல துப்பினே! கெட்ட பீரை ஜாக்கிரதையா கிண்ணத்துல துப்பினே!"

பொன்னன் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பினான்.

4. கோடாலி

நல்ல பீப்பாய் மூன்றும் வேலூர் போயின. மற்ற மூன்றின் பீரைப் பாறையில் கொட்டிவிட்டு, காலிப் பீப்பாய்களை ஒரு கடிதத்தோடு முதலாளிக்கே அனுப்பினார் துரை. சுமந்து வந்தவர்களில் பொன்னனும் ஒருவன்.

முதலாளி கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதில் என் மேல் புகார் இல்லை. தோல் வியாபாரம் எப்போதும் போல நடக்கும், அடுத்த டிசம்பரிலும் இந்த ஆளை அனுப்பவும், நான் கறுப்பு ஷூ போட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது.

"சாமேலு, ஒடைச்சி அடுப்புல போடுன்னு சொன்னனா?"

"சொன்னீங்க முதலாளி."

"பீர் ஊத்துன பீப்பாய் இப்ப உள்ள வராது. ரோட்டுலயே ஒட. ஆள வெக்காத, நீயே ஒட."

ஷாப்பு ஆட்கள் எல்லாரும் கேட்டில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். விரலை முக்கியே பிழைத்தவன் கோடாலி பிடித்தால் எப்படி இருக்கும்? முதல் வெட்டு ரோட்டில் விழுந்தது. புளிய மர நிழலில் உட்கார்ந்திருந்த பொன்னன் குரல் கொடுத்தான்.

"மெல்ல மேஸ்திரி! தண்ணி வேணுமா? மலைத் தண்ணிதான், சொரக்குடுக்கையில கீது. நல்ல தண்ணின்னு நீங்களே சொல்லிட்டீங்க!"

கேட்டில் ஒரே சிரிப்பு. கோடாலியை வைத்துவிட்டு வாங்கிக் குடித்தேன். துவர்ப்பு இல்லை, கசப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாத ருசி எப்படி இருக்கும் என்பதே எனக்கு அன்றுவரை மறந்து போயிருந்தது.

தம்பிகளே, மறுநாளிலிருந்து இன்றுவரை முதல் குழிக்கு முன்னால் ஒரு வாய் வெறும் தண்ணீர் குடித்து, நாக்கை அதன் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் விரலை முக்குகிறேன். ஒரு சரக்கைத் தொட்ட உடனே பேஷ் என்று நாக்கு துள்ளினால், இன்னொரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்க்கிறேன். துப்புவதற்கு முன் இடது பக்கமும் பார்த்துக்கொள்கிறேன்.