போணிக்கு முன் கேட்ட கேள்வி

எங்கள் கல்லூரியில் பாதுகாப்புத் துறைக்கென்று ஒரு பட்டப்படிப்பு தொடங்க நினைத்தார்கள். ஆலைகளுக்கும் பெரிய கடைகளுக்கும் காவல் அதிகாரிகளை உருவாக்குவதாம். மாணவர்கள் அதற்கு அன்றே ‘வாட்ச்மேன் பி.ஏ.’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். படித்து வருகிறவர்களை ஊரில் யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று விசாரிக்கும் பொறுப்பு, இளைய விரிவுரையாளன் என்பதால் என் தலையில் விழுந்தது.

பத்து மணிக்கு வகுப்பு. அதற்கு முன்னால்தான் பட்டுக்கடைகளுக்குப் போக முடிந்தது. காலையில் முதல் வியாபாரம், அதாவது போணி, ஆகும்வரை எங்கள் ஊர்க் கடைக்காரர் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வராது. என்ன கேட்டாலும் “ஆகட்டும்” என்பார்கள். நான் போன கடையெல்லாம் ஆகட்டும்தான்.

முதல்வர் வெளியூர்க்காரர். “இது சம்மதமில்லை சார், மதியம் ஒருமுறை போய்க் கேட்கிறேன்” என்றேன். “ஒத்துக்கொண்டவர்களை எதற்கு மறுபடி தொந்தரவு செய்கிறீர்?” என்று சிரித்துவிட்டு, படிப்பை அறிவித்துவிட்டார். எரிச்சலாக வந்தது. யாரிடம் காட்டுவது?

மாகறலிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மகனுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு இதில் சேர்க்கலாமா என்று கேட்டார். கிடைத்த இடத்தை விடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். மனிதர் எவர் பேச்சையும் அப்படியே நம்புகிறவர் இல்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து, பெரிய பட்டுக்கடை ஒன்றில் நேரே விசாரித்திருக்கிறார். கல்லூரிக்கு வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“இன்னா சார் நீங்க, பயமுறுத்திட்டீங்களே. ஆகட்டும்னு மொதலாளியே சொல்ட்டாரு. என் காதால கேட்டுக்கினு வர்றேன்.”

போணி விஷயத்தை விளக்கினேன். “அவ்ளோ பெரிய மனுசன் பொய் சொல்வாரா சார்?” என்று கிளம்பிவிட்டார்.

மதியம் வகுப்பு முடிந்ததும் அந்தக் கடைக்கு ஓடினேன். முதலாளி சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“காவலுக்கு என் மச்சான் இருக்கான்பா, பி.ஏ. எதுக்கு? காலங்காத்தால வந்து கேட்டா வேற இன்னா சொல்றது? இப்ப வரச் சொல்லு, இல்லன்னு சொல்லிடறேன்.”

அவருடைய சைக்கிளையே வாங்கிக்கொண்டு பயிற்சிப் பள்ளிக்கு மிதித்தேன். வாசலில் விவசாயி எதிரே வந்தார். இடம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். காத்திருந்த வேறொரு பையனை அதற்குள் சேர்த்தும்விட்டார்கள். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“புள்ளைய உங்ககிட்டதான் வுடப்போறேன் சார். பாத்துக்கோங்க.”

“ஆகட்டும்” என்றேன்.