மச்சாளைக் காவல் காக்கப் போனவள்

கல்யாணமாகி நான் லண்டனுக்கு வந்து இறங்கியது என் கணவரின் அக்கா வீட்டில். ஹவுன்ஸ்லோவில், விமானங்கள் கூரையை உரசுவதுபோலப் போகும் ஒரு தெருவில், மாடியில் இருந்த மிகச் சின்ன அறை எங்களுக்கு. மூன்று வருடம் அங்கே இருந்தோம். அவரை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். மச்சாள் என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் குளிர்பெட்டியில் எந்தத் தட்டில் எதை வைக்கவேண்டும், எத்தனை மணிக்குக் குளிக்கவேண்டும் என்பதெல்லாம் அவரே தீர்மானித்தார். நான் தலையாட்டினேன். தனி வீடு எடுத்து வந்த பிறகும் அந்தத் தலையாட்டல் போகவில்லை. இருபத்தேழு வருடம் "மச்சாள், வாங்கோ", "மச்சாள், சாப்பிடுங்கோ" என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததில்லை.

அவருக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, கூட்டிக்கொண்டு போய்வரும் வேலை எனக்கு வந்தது. அவரின் கணவர் எப்போதோ காலமாகிவிட்டார். மகன் கனடாவில். என் கணவருக்குப் பகல் ஷிப்ட். நான் ஹீத்ரோ விமான நிலையத்தில் புறப்படுகிறவர்களுக்குப் பயணப்பெட்டியும் கழுத்துத் தலையணையும் விற்கிறவள். ஷிப்டை மாற்றிக்கொள்ள முடிந்தது. மருந்து ஏறும் மூன்று நான்கு மணித்தியாலமும் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் போனைப் பார்ப்பேன்.

அந்த வார்டில் ஒரு நேபாளத் தாதி இருந்தார். அவருடைய தகப்பன் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறவர்களின் மூட்டைகளைச் சுமந்தவராம். ஊசி ஏற்றும்போது மச்சாளின் கவனத்தைத் திருப்ப அந்தப் பாதையைப் பற்றிச் சொல்லுவார். உங்களைவிட வயது கூடினவர்களும் போகிறார்கள், மெதுவாக நடந்தால் சரி, அவசரப்படுகிறவர்கள்தான் பாதியில் திரும்பி வருகிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். மச்சாள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், புட்டைக் குழைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் எவரெஸ்ட் பேஸ் காம்புக்குப் போகப்போறன். டொக்டரிட்டயும் கேட்டிட்டன். போகலாமாம்."

என் கணவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அக்கா, உங்களுக்கு அம்பத்தெட்டு வயது."

"ஓம். அதுக்குத்தான் இப்ப போறன்."

அதற்குப் பிறகு எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கோயிலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, கான்சர் வருத்தம் வந்து தப்பின மனுசிக்கு உது என்னத்துக்கு?" என்று கேட்டார். மச்சாளோ ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகுப் பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு ரிச்மண்ட் பார்க்கைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்து அது பத்துக் கிலோ ஆனது.

ஒருநாள் என் கணவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "அக்காவைத் தனிய விட ஏலாது. நீரும் போம். இடையில ஏலாமல் வந்தால் கையோட திருப்பிக் கூட்டிக்கொண்டு வாரும்."

இப்படித்தான் நான் மலை ஏறினேன். எனக்கு அதில் ஆசை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. மச்சாளோடு லண்டனுக்கு வெளியே பொக்ஸ் ஹில் குன்றில் ஏறிப் பழகினேன். என் கடையிலேயே ஊழியர்களுக்கான விலைக்கழிவில் ஒரு பை வாங்கினேன். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். எல்லாம் மச்சாளுக்கு வந்தால் என்ற எண்ணத்தில்தான்.

லுக்லா என்ற மலையூரில் சின்ன விமானம் இறங்கியது. எங்களுக்கு ஒரு வழிகாட்டி. முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாதவர், நல்ல ஆங்கிலம். பைகளைச் சுமக்க இன்னொருவர். நடுவயதுக்காரர், எந்நேரமும் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு முன்னால் போய்விடுவார். நாங்கள் மெதுவாக நடப்போம் என்று தெரிந்து, வழிகாட்டி திட்டத்தில் இரண்டு நாளை மிச்சமாக வைத்திருந்தார்.

முதல் வாரம் நன்றாகப் போனது. தொங்கு பாலங்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்து நடந்தேன். மச்சாள் நடுவில் நின்று ஆற்றை எட்டிப் பார்த்தார். பருப்பும் சோறும் தினமும் இரண்டு வேளை. நான் கொண்டுபோன மிளகாய்த்தூளை அதில் தூவிச் சாப்பிட்டோம். மரங்கள் குறைந்துகொண்டு வந்து ஒரு கட்டத்தில் இல்லாமலே போயின. பெரிச்சே என்ற சமவெளிக் கிராமத்தில், மெல்லிய காற்றுக்கு உடம்பு பழகட்டும் என்று இரண்டு இரவு தங்கினோம். தினமும் மச்சாளிடம் "தலை இடிக்குதோ?" என்று கேட்பேன். "இல்லை" என்பார். உண்மையாகவே இல்லை.

அடுத்த தங்குமிடம் லொபூச்சே. அங்கே போகும் வழியில் ஒரு மேட்டின் உச்சியில், மலையில் இறந்தவர்களுக்காகக் கற்களை அடுக்கி நினைவுச் சின்னங்கள் வைத்திருக்கிறார்கள். மச்சாள் ஒவ்வொன்றாக நின்று பெயர்களை வாசித்தார். எனக்கு அங்கேயே தலை பாரமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். களைப்பு என்று நினைத்தேன். லொபூச்சேக்கு வந்து சேர்ந்த பின்னேரம் சாப்பிட முடியவில்லை. கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சிரித்தேன். வழிகாட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது நன்றாக இருக்கிறது என்றேன். நாளைக்குப் பேஸ் காம்ப். இத்தனை வருடம் ஒன்றும் கேட்காமல் இருந்த மனுசி கேட்ட ஒன்றே ஒன்றை நான் கெடுக்கக்கூடாது.

காலையில் என்ன நடந்தது என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மிச்சத்தை மச்சாள் சொல்லித்தான் அறிந்தேன். நான் கட்டிலின் விளிம்பில் இருந்து சப்பாத்தைப் போட முயன்றுகொண்டிருந்தேனாம். வலது சப்பாத்தை இடது காலில். மச்சாள் குனிந்து உதவ வந்திருக்கிறார். நான் அவர் கையைத் தட்டிவிட்டுச் சொன்னேனாம்:

"நீ பேசாமல் போ. எனக்குத் தெரியும்."

மச்சாள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டு அறைக்கு ஓடி வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது. என்னை நீ என்று சொல்கிறாள்."

வழிகாட்டிக்கு அது விளங்கவில்லை. "யூ என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லை. உங்களுக்கு விளங்காது. இருபத்தேழு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்குத் தலைக்குள் பிழை."

அவர் உடனே வந்தார். நேர்கோட்டில், ஒரு காலின் விரல் நுனியை ஒட்டி மற்றக் காலின் குதியை வைத்து நடந்து காட்டச் சொன்னார். நான் மூன்றாவது அடியில் சுவரில் சாய்ந்தேன். மலைநோய் மூளையைத் தொட ஆரம்பித்துவிட்டது, இனி ஒரு நிமிடமும் இங்கே இருக்கக்கூடாது என்றார். ஒரு மாத்திரை தந்தார். சுமை தூக்குபவரும் அவரும் இரண்டு பக்கமும் என்னைத் தாங்கிக்கொள்ள, கீழே இறங்கினோம். மச்சாள் என் பையையும் தன் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். மற்றக் குழுக்கள் எல்லாம் மேலே போய்க்கொண்டிருந்தன. நாங்கள் மட்டும் எதிர்த்திசையில்.

பெரிச்சேயில் ஒரு சிறு மருத்துவ நிலையம் இருக்கிறது. ஒட்சிசன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். பின்னேரம் நாலு மணியளவில், யாரோ தலையிலிருந்து ஈரச் சாக்கை எடுத்துவிட்டதுபோல எனக்கு எல்லாம் தெளிந்தது. மச்சாள் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"மச்சாள், பேஸ் காம்ப்?"

"அது எங்க போகப்போகுது. கிடக்கட்டும்."

"நான் உங்களை ஏதும் பேசினனானோ?"

"நீ எண்டு சொன்னனீர்."

 மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "அதாலதான் எனக்குத் தெரிஞ்சது. நீர் வழமைபோல வாங்கோ போங்கோ எண்டு சொல்லியிருந்தால், சரி எண்டு உம்மை மேல கூட்டிக்கொண்டு போயிருப்பன்."  மூக்கைச் சிந்தினார். "நேற்றே ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்காகத்தான்."

"அப்பிடி எனக்காக ஒண்டும் செய்யாதையும். எனக்கு வருத்தம் வந்தபோதும் இப்பிடித்தான். நாலு மணித்தியாலம் பக்கத்தில இருப்பீர், ஒரு கதை இல்லை. எனக்கு எவ்வளவு பயமா இருந்தது தெரியுமோ? உம்மோட கதைக்கவேணும்போல இருக்கும். நீர் போனைப் பாத்துக்கொண்டு இருப்பீர்."

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனீங்கள். நித்திரை எண்டு நினைச்சன்."

"நித்திரையே வாறதில்லை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று சொல்ல முடியாது. டொக்டர் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் இனி மேலே ஏறக்கூடாது என்று அந்த டொக்டர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். ஒரு நாள் பொறுத்து எல்லோரும் சேர்ந்து இறங்குவோம் என்றார் மச்சாள். நான் வழிகாட்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன்: மிச்சமாக வைத்த இரண்டு நாள் இருக்கிறதல்லவா? இருக்கிறது என்றார். மச்சாளை மட்டும் கூட்டிப்போய்வர அது போதுமா? சரியாகப் போதும் என்றார்.

"நான் போகமாட்டன்," என்றார் மச்சாள். "உம்மை இஞ்ச விட்டிட்டோ?"

"மச்சாள், நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. நீங்கள் இப்ப திரும்பினால், நான்தான் கெடுத்தனான் எண்டு சாகுமட்டும் எனக்குள்ள கிடக்கும். எனக்காகவேணும் போங்கோ."

"இப்பத்தானே சொன்னனான், ஆருக்காகவும் ஒண்டும் செய்யக்கூடாது எண்டு."

"அப்ப உங்களுக்காகப் போங்கோ."

 அவர் எழும்பி, ஒரு தண்ணீர்ப் போத்தலை நிரப்பப் போனார். அதுதான் பதில்.

அடுத்த நாள் காலை அவரும் வழிகாட்டியும் புறப்பட்டார்கள். சுமை தூக்குபவர் என்னோடு நின்றார். கணவருக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா எங்க?"

"மேல போயிட்டா."

"தனியவோ? அப்ப நீர் என்னத்துக்குப் போனனீர்?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பயந்துபோனார். உடனே ஹெலிகொப்டர் பிடிக்கச் சொன்னார். எனக்கு இப்போது சுகம், மச்சாள் வந்தபிறகு நடந்தே இறங்குவேன் என்றேன். என் குரலில் ஏதோ மாறியிருக்க வேண்டும். "சரி, கவனம்," என்றார்.

அந்த மூன்று நாளைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். முதல் நாள் எனக்குப் பொறாமையாக இருந்தது. மேலே போகிற ஒவ்வொரு குழுவையும் ஜன்னலால் பார்த்து, மனதுக்குள் பொருமினேன். எனக்கு அந்த மலை வேண்டும் என்பது அது கையை விட்டுப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. காவலுக்கு வந்தவள் என்று சொல்லிச் சொல்லியே என் ஆசையை நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள் டொக்டரிடம் அனுமதி கேட்டுச் சமவெளியில் நடந்தேன். யாக் மாடுகள் கல்வேலிக்குள் மேய்ந்தன. அவற்றின் சாணத்தை வட்டமாகத் தட்டிக் காயவைத்திருந்தார்கள். அதுதான் அடுப்புக்கு விறகு. நான் தங்கியிருந்த விடுதியை நடத்தும் பெண்ணோடு இருந்து உருளைக்கிழங்கு உரித்தேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு நேபாளி ஒரு சொல்லும் இல்லை. என் மிளகாய்த்தூளைப் போட்டு ஒரு பிரட்டல் செய்து கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, தட்டை மறுபடியும் நீட்டினார். சுமை தூக்குபவர் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பாதையின் தொலைவில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. மச்சாளின் நடையை எனக்குத் தெரியும். இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடப்பார். நான் போய் எதிர்கொண்டேன். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது.

"சாப்பிட என்ன இருக்கு?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "அங்க ஒண்டுமில்லை. கல்லும் ஐசும் கொஞ்சக் கூடாரமும். பேஸ் காம்பில நிண்டால் எவரெஸ்டின்ர உச்சியே தெரியாது. முன்னால உள்ள மலை மறைச்சுப்போடும். உது தெரியாமல்தான் நான் இவ்வளவு தூரம் போயிருக்கிறன்."

"அப்ப ஏமாத்தமோ?"

"இல்லை. ஒரு கல்லில இருந்தன். மூச்சு எடுத்தன். அங்க மூச்சு எடுக்கிறதே பெரிய வேலை. இன்னும் எடுக்கிறன், இன்னும் எடுக்கிறன் எண்டு எண்ணிக்கொண்டு இருந்தன். பத்து நிமிசம் இருக்கும். பிறகு பசிச்சது. வந்திட்டன்." கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீரும் இருந்திருந்தால் நல்லா இருந்திருக்கும்."

லுக்லா வரைக்கும் இறங்கிய நாட்களில் நாங்கள் நிறுத்தாமல் கதைத்தோம். அந்தச் சின்ன அறையில் நான் எவ்வளவு பயந்து இருந்தேன் என்று சொன்னேன். தம்பி தன்னை விட்டுப் போய்விடுவான் என்று தான் பயந்த பயத்தில்தான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்ததாக அவர் சொன்னார். வாங்கோ போங்கோ என்பதை நான் விடவில்லை. அது நாக்கில் ஊறிவிட்டது. ஆனால் இப்போது அதைச் சொல்லிக்கொண்டே அவரோடு சண்டையும் பிடிக்க முடிகிறது.

திரும்பி வந்த பிறகு அவருக்கு எடுத்த ஸ்கான் நல்லபடியாக வந்தது. அடுத்தது ஒரு வருடத்துக்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடக்கிறோம். என் கணவரும் வருகிறார். பாதி வழியில் ஒரு மரவாங்கில் உட்கார்ந்துவிடுகிறார்.

போன மாதம் நான் வேலையிடத்தில் பதினெட்டு நாள் லீவு கேட்டேன். அன்னபூர்ணா அடிவார முகாம் எவரெஸ்ட் முகாமைவிட ஆயிரம் மீற்றருக்கு மேல் பதிவு, அவ்வளவு உயரமில்லை. மெதுவாக ஏறினால் போகலாம், தலை இடித்தால் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று என் டொக்டர் சொல்லியிருக்கிறார். என் மேலாளர் லீவுக் கணக்கைப் பார்த்துக்கொண்டே, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. இத்தனை வருடமும் கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும்தான் லீவு எடுத்திருக்கிறேன்.

"ஒருவருக்கும் இல்லை," என்றேன். "நான் நடக்கப் போகிறேன்."