முழங்கால்தான் என்று சொன்னவர்

காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கட்டில் வாங்க வந்த தம்பதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் அதில் ஏறிப் படுத்துக்கொள்வார். ஆறே முக்கால் அடி உயரம். பாதங்கள் வெளியே தொங்கும். "நூத்திப் பத்து கிலோங்க. நானே படுத்தாச்சு, சத்தம் வருதா பாருங்க," என்பார். வலப்பக்கம் புரண்டும் காட்டுவார். இடப்பக்கம் மட்டும் கிடையாது. அப்படிப் படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது தலையணை வழியாகக் காதுக்குக் கேட்கும்.

இந்த மரச்சாமான் கடைக்கு வருமுன் பல வருடம் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடியவர். பவர் ஃபார்வர்ட். பேர்தான் பெரிய பேர். வேலை என்னவோ கூடைக்கு அடியில் நின்று இடி வாங்குவது. மற்றவர்கள் எறிந்து தவறிய பந்தை முட்டி மோதிப் பிடித்து, கூடை போடத் தெரிந்தவன் கையில் கொடுக்க வேண்டும். கைதட்டல் அவனுக்கு, விலாவில் முழங்கை இவருக்கு. "சமைக்கிறவன் ஒருத்தன், பேர் வாங்குறவன் ஒருத்தன். நான் பாத்திரம் தேய்க்கிறவன்," என்பார். யாராலும் நகர்த்த முடியாதவர் என்பதால் கூட ஆடியவர்கள் வைத்த பெயர் அலமாரி. அலமாரியே அலமாரி விற்கிறது பாருங்கள் என்று கடை முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். இவரும் சிரித்து வைப்பார்.

ஏன் ஆட்டத்தை விட்டீர்கள் என்று கேட்டால் முழங்காலைத் தட்டிக் காட்டுவார். "இது போச்சுங்க."

முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. கடைசி வருடம் அணியின் மருத்துவர் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் அகலமாக இருக்கிறது, இனி ஆட வேண்டாம், வருடம் தவறாமல் வந்து காட்டுங்கள் என்றார். ஆட்டத்தை விட்டார். காட்டப் போகவில்லை. அவருடைய அப்பாவும் நெட்டை மனிதர். நாற்பத்தாறு வயதில் சவரம் பாதியில் நிற்க, நுரை போட்ட முகத்தோடு குளியலறையில் விழுந்து இறந்து போனவர். இவருக்கு இப்போது நாற்பத்தைந்து. சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்று மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. படியேறும்போது மட்டும், போன் வந்ததுபோல நடுவில் நின்று கொள்வார்.

பள்ளி அணியில் ஆடும் மகள் உயரத்தில் அப்பாவின் அச்சு. அவளுக்கும் கூடைக்கு அடியில்தான் இடம். சென்ற மாதம் ஆட்டத்தின் நடுவே அவள் குனிந்து, முழங்காலில் கையூன்றி நின்றாள். "லேசா தலை சுத்துச்சுப்பா, காலைல சாப்பிடல," என்றாள். இவருக்கு நுரை போட்ட அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் அடுப்பை அணைத்தாள். "இத்தனை வருஷமா அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சு விட்டிருக்கேன்," என்றாள். மறுநாளைக்கே மகளுக்கு மருத்துவமனையில் நேரம் வாங்கிவிட்டாள்.

மகளை உள்ளே அழைத்துப் போன பிறகு வராந்தா நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை வேர்த்து வேர்த்து, கால்சட்டையில் துடைத்த இடம் ஈரமாகிவிட்டது. "சொத்துன்னு ஒண்ணும் சேத்து வைக்கல. இதையா குடுத்துட்டேன்?" என்று முணுமுணுத்தார்.

கதவு திறந்தது. "பொண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார் மருத்துவர். "குழாய் அளவாத்தான் இருக்கு. ஆனா குடும்பத்துல இருக்கறதால அப்பப்ப பாத்துக்கணும். இப்போதைக்குத் தாராளமா ஆடட்டும்."

இவர் இரு கையாலும் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். உடனே, "சரிங்க டாக்டர், அப்ப கிளம்பறோம். கடைக்கு நேரமாச்சு," என்று வெளிவாசல் பக்கம் திரும்பினார்.

மருத்துவர் பின்னால் வந்த மகள் முந்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். முதுகை அவர் மேல் சாய்த்து, காலை அகட்டி, இரண்டு கையையும் விரித்து, கூடைக்கு அடியில் எதிராளியை மறிக்கிற நிற்பு.

"நீங்க காட்டிட்டு வாங்கப்பா," என்றாள், திரும்பாமலே.

ஒரு தோளால் இடித்தால் விலகிப் போயிருப்பாள். அவர் இடிக்கவில்லை. மருத்துவர் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார். இவர் கை சட்டையின் மேல்பொத்தானுக்குப் போனது. பொத்தான் பிடிபடவில்லை. மனைவி எழுந்து வந்து கழற்றிவிட்டாள்.