மழையை உறைய வைத்த இராஜதுரை

இத்தாலியின் பலேர்மோ நகரில் நடக்கும் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் போட்டியிடுவதாக வெளியார் நினைக்கக்கூடும். பிள்ளைகள் குரலை மட்டும்தான் இரவல் கொடுப்பார்கள், போட்டி பெற்றோருக்குள். அந்தப் பெற்றோரில் முன்வரிசைக்காரர் ஒரேத்தோ பகுதியில் குடியிருக்கும் இராஜதுரை. வாரத்தில் ஆறு நாள் அடுக்குமாடிகளின் படி கழுவி, வீடு துடைத்து, சீமாட்டிகளின் வாயைச் சமாளிப்பவர். ஏழாம் நாள் அறிஞர். இருபத்திரண்டு வருடங்களாக ஊர்ப்பிள்ளைகள் எல்லோருக்கும் பேச்சு எழுதிக் கொடுத்தவர். அவர் எழுதியதைப் பாடமாக்கிய ஒரு பெண் இப்போது பல் வைத்தியம் படிக்கிறாள். அதில் தன் பங்கு என்ன என்று அவர் வெளியில் சொல்வதில்லை. வீட்டில் மட்டும் சொல்வார்.

இம்முறை தமிழ்ப் பள்ளி கொடுத்த தலைப்பு, 'குளிர்காலத்தில் வானத்திலிருந்து விழுபவை'. பேசப் போகிறவள் அவருடைய சொந்த மகள் கேசிகா, வயது பன்னிரண்டு. பலேர்மோவில் வெண்பனி விழுவது அருமை என்பதால் தன்னை மறுத்துப் பேச ஆள் இருக்காது என்று இராஜதுரைக்கு ஒரு நிம்மதி. பிள்ளை இத்தாலிப் பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் படிக்கிறாள்தானே, ஒருக்கால் அவளைக் கேட்டால் என்ன என்று மனைவி குகனேஸ்வரி சொல்லிப் பார்த்தாள். பேசுகிறவளிடம் போய்ப் பேச்சைக் கேட்பதா என்று அவர் அதை அந்த இடத்திலேயே முடித்துவைத்தார்.

அவர் கண்ணால் கண்டதை எழுதுகிறவர். வியா மக்வேதா தெருவில் மூன்றாம் மாடியில் இருக்கும் சீமாட்டி எமிலியானாவின் வீட்டுக்கு வியாழக்கிழமைகளில் போவார். அங்கே ஒரு பழைய ஃபிரீசர். அதன் உட்சுவரில் பூத்துக் கிடக்கும் வெள்ளையை மாதம் ஒரு தடவை சுரண்டிக் கழுவுதொட்டியில் கொட்டுவது அவர் வேலை. அன்றைக்குச் சுரண்டி முடித்த கையோடு, ஜன்னல் துடைக்கும் விசிறு போத்தலில் நல்ல தண்ணீர் நிரப்பி ஃபிரீசருக்குள் இரண்டு முறை அடித்தார். அதுதான் மழை. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது பட்டாணிப் பொட்டலத்தின் மேல் சின்னச் சின்ன ஐஸ்முத்துகள். விஞ்ஞானம் அத்துடன் முடிந்தது.

வீடு வந்து எழுதினார். மழைத்துளி விழும் வழியில் குளிர்பட்டு உறைந்தால் வெண்பனி; பாதி உறைந்தால் பனிமழை; அளவுக்கு மிஞ்சி உறைந்தால் ஆலங்கட்டி; மூன்றும் ஒரே மழையின் மூன்று குணங்கள். கடைசியில் தமிழின் தொன்மையும் வந்தது. அது எந்தத் தலைப்புக்கும் வரும்.

கேசிகா வாசித்துவிட்டு, "அப்பா, இதை இப்பிடியே சொல்லவோ?" என்று கேட்டாள்.

"ஒரு சொல்லும் மாறக்கூடாது."

அவள் மாற்றவில்லை. போட்டியன்று தேவாலய மண்டபத்தில் கை, கண், குரல் எல்லாம் இடம் பார்த்து ஏறி இறங்கின. மூன்றாம் வரிசையில் இராஜதுரையின் உதடுகளும் கூடவே பேசின. நடுவர் ஞானாம்பிகை ரீச்சர். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர், இங்கே ஒரு முதியவரைப் பராமரிக்கிறார். பேச்சு முடிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார். "மழை உறைஞ்சதுதான் வெண்பனி எண்டால், அதுக்கு ஏன் பிள்ளை ஆறு முனை இருக்குது?"

கேசிகா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை ஆட்டி, கையை அசைத்து, சொல்லு சொல்லு என்று உற்சாகப்படுத்தினார். மண்டபமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. பிள்ளை தலையைக் குனிந்து, "தெரியாது ரீச்சர்" என்றாள்.

ஆறுதல் பரிசாக ஒரு தண்ணீர்ப் போத்தல் கிடைத்தது. வீடு போய்ச் சேரும்வரை இராஜதுரை ஏசினார். இவ்வளவு பாடமாக்கியவள் ஒரு கேள்விக்கு வாய் திறக்கக்கூடாதா, எழுதின மனுசன் எந்த முகத்தோடு வேலைக்குப் போவது என்று நீண்டது. கேசிகா போத்தலின் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாக நடந்து வந்தாள்.

செவ்வாய்க்கிழமை கேசிகாவின் இத்தாலிப் பள்ளிக்கூடப் பரீட்சைத்தாள் கையெழுத்துக்கு வந்தது. வழக்கத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைப்பவர். ஆனால் தாளில் ஒரு மேகம் வரைந்திருந்தது. அழுக்கு நீக்கிப் போத்தல்களின் லேபல்களில் கற்ற இத்தாலி மொழியைக் கொண்டு எழுத்துக்கூட்டினார்.

வெண்பனிக்கு மழையே தேவையில்லையாம். மேகத்துக்குள் இருக்கும் நீராவி, நீராகாமலே நேரே படிகமாகிறதாம். அதனால்தான் ஆறு முனை. அந்தப் படிகம் விழும் வழியில் ஒரு சூடான காற்றடுக்கில் உருகி, கீழே மறுபடி குளிரில் உறைந்தால் ஐஸ்மணி. கீழே இருக்கும் குளிரடுக்கு மெல்லியதாக இருந்தால் உறைய நேரம் போதாமல் நீராகவே வந்து, மரக்கிளையிலோ தெருவிலோ தொட்ட இடத்தில் உறையும். ஆலங்கட்டி வேறு சாதி. இடிமேகத்துக்குள் காற்று மேலே தூக்கித் தூக்கி எறிய, படலம் படலமாகப் பருத்து விழுவது. வெண்பனிக்குப் பக்கத்தில் பிள்ளை தன் கையால் ஓர் உதாரணமும் எழுதியிருந்தாள்: ஃபிரீசர் சுவரில் படிகிறதே, அதைப் போல.

பத்துக்குப் பத்து. திகதியைப் பார்த்தார். பேச்சுப் போட்டிக்குப் பதினொரு நாள் முந்தியது. இராஜதுரைக்குக் காது இரண்டும் சுட்டன. மேகத்தின் மேல் கையெழுத்தை வைத்துவிட்டார்.

அன்று பின்னேரமே தமிழ்ப் பள்ளி ஆட்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, பேச்சுகள் எல்லாம் பிள்ளைகளின் படத்துடன் ஆண்டு மலரில் அச்சாகப் போவதாக மகிழ்ச்சியுடன் அறிவித்தார்கள். மலரை ஞானாம்பிகை ரீச்சர் தொகுக்கிறாராம். மறுநாள் பல்லரோ சந்தையில் ரீச்சர் காய்கறிக் குவியலில் பூக்கோவா தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கையில் இராஜதுரை போய்ப் பக்கத்தில் நின்றார். ஒரு பூக்கோவாவை எடுத்தார், வைத்தார்.

"ரீச்சர், அந்தப் பேச்சு பிழை. நான் எழுதினது."

"ஓம். நீங்கள் எழுதாத பேச்சு இஞ்சை எது?"

"பிள்ளைக்கு விடை தெரியும். தெரியாதெண்டு சொன்னவள்."

ரீச்சர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாது அண்ணை. நான் கேள்வியை உங்களுக்குத்தான் கேட்டனான். எழும்பிச் சொல்லுவியள் எண்டு பாத்தன். பிள்ளை குறுக்கை வந்து விழுந்திட்டாள்."

மீன்காரன் கூவிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்துக்கு இராஜதுரை நன்றியுடன் இருந்தார்.

வீட்டில் கேசிகாவிடம், ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவை, அப்பா" என்றாள். மன்னிப்புக் கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த பேச்சுநடை எதுவும் உதவவில்லை. தமிழின் தொன்மைகூட. கடைசியில் வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளி, பேனாவை மேலே வைத்தார். அவள் எழுதிய பேச்சு ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. அதன் அடியில் அவர் ஒரு வரி சேர்த்தார்: மேடையில் பேசப்பட்ட பேச்சை எழுதியவர் தகப்பன்; பிழைகள் அவருடையவை. அந்த வரி அச்சில் வந்தால் ஒரேத்தோ முழுவதும் சிரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். ரீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்து வந்தது வியாழன். பின்னேரம் எமிலியானாவின் ஃபிரீசரைத் திறந்தார். உட்சுவரில் வெள்ளை மறுபடி மெல்லியதாகப் பூத்திருந்தது. அங்கே யாரும் தண்ணீர் அடிக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் நறுக்கிய இறகுபோல இருந்தது. இத்தனை வருடமாகச் சுரண்டித் தொட்டியில் கொட்டியது இதைத்தான். எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சீமாட்டி உள்ளே இருந்து, எவ்வளவு நேரம் ஃபிரீசர் திறந்து கிடக்கிறது என்று ஏசினார். இராஜதுரை படம் எடுத்து மகளுக்கு அனுப்பி, "இதுவோ?" என்று கேட்டார்.

பதில் உடனே வந்தது. "ஓம் அப்பா. வடிவா இருக்கு. கதவைப் பூட்டுங்கோ."