பத்து நிமிடம் ஊறட்டும்

நெவில் பக்லிக்குச் சும்மா இருக்க வராது. கூரை வேய்கிறவர். கல் ஓடு போடுவதில் அந்த மலைப் பக்கத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கீழே நிற்கிறவன் "இருங்க, ஏணியப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் நாலாவது படியில் நிற்பார். ஆறிய டீயை அவர் வாழ்நாளில் ருசித்ததில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவர் என்று அவர் மனைவி லினெட் சொல்வாள். முப்பத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவள் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

இந்த மனிதருக்கு நிதானம் வருவது யூஃபோனியத்தைக் கையில் எடுத்தால் மட்டும்தான். கைக்குழந்தை கனத்துக்கு ஒரு பித்தளை ஊதுகுழல் அது. ஸ்லேடன் புரூக் ஊர் பேண்டில் முப்பத்தொரு வருடமாக யூஃபோனியத்துக்கான முதல் நாற்காலி அவருடையது. அவர் ஒரு மெட்டை மெல்ல இழுத்தால் குதிரை கூடக் காதைத் திருப்பும். நான் மிகைப்படுத்தவில்லை, குதிரைக்காரரே சொன்னது.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. பதினாறு வயதில் பற்றவைத்த சிகரெட்டை நாற்பது வருடமாக அவர் அணைக்கவே இல்லை என்று சொல்லலாம். ஒன்று முடியும் நெருப்பில் அடுத்தது. பிப்ரவரி கடைசி ஒத்திகையில், அணிநடைக்கு வாசிக்கும் 'மார்ச்' இசையின் நடுவே யூஃபோனியம் தனியாகப் பாடும் இடத்தில், அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. இருமல். மறுபடி தொடங்கினார்கள். மறுபடி இருமல். மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் பேண்டை நடத்தும் ஆட்ரி தார்ப் கைக்கோலைக் கீழே வைத்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

"நெவில், விட் வெள்ளிக்கு இன்னும் பதினாலு வாரம் இருக்கு. அதுக்குள்ள அந்த இடம் உன் மூச்சுல நின்னா நீ வாசி. நிக்கலேன்னா கேரத் வாசிக்கட்டும்."

"டீச்சர், லேசா சளி. அவ்வளவுதான்."

"உன் வாய் சொல்றத நான் கேக்கல. நெஞ்சு சொல்றது கேக்குது."

கேரத் பக்கத்து நாற்காலிக்காரன், நல்லவன், முப்பது வயது. அவன் தலையைக் குனிந்துகொண்டு தன் குழலின் வால்வைத் துடைத்தான். விட் வெள்ளி என்றால் மலையிலுள்ள அத்தனை பேண்டும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் வாசிக்கும் நாள். ஒவ்வொரு ஊரிலும் நடுவர் ஒரு கேரவனுக்குள் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். வெளியே வாசிப்பது எந்த ஊர், யார், எதுவும் அவருக்குத் தெரியாது. காதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவார். அன்றைக்கு வாசிக்காத யூஃபோனியக்காரர் இருந்தும் இல்லாதவர்தான்.

நெவில் மறுநாளே சிகரெட்டை விட்டார். லினெட் நம்பவில்லை. ஏற்கனவே பதினோரு தடவை விட்டவர். சூயிங்கம் மென்றார், கையில் நிக்கோட்டின் பட்டை ஒட்டினார், ஒரு தடவை மூன்று வாரம் கேரட்டைக் கடித்துக்கொண்டு திரிந்தார். இந்தத் தடவை டாக்டர் கிளினிக் நர்ஸ் இ-சிகரெட்டைச் சொல்லியிருந்தார். சந்தையில் ஒன்றை வாங்கி வந்தார். விற்றவன் ஒரு வார்த்தை விளக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டு நிமிடம் நிற்க வேண்டுமே.

அந்தக் கருவியின் உயிரே உள்ளே இருக்கும் 'காயில்' என்கிற பாகத்தில்தான். சுண்டு விரல் நுனி அளவு கூடு, அதில் ஒரு கம்பிச் சுருள், சுற்றிலும் பஞ்சு. தொட்டியில் ஊற்றும் நிக்கோட்டின் திரவத்தைப் பஞ்சு குடித்திருந்தால் சுருள் அதை ஆவியாக்கும். நெவிலின் காயில்கள் ஒன்றும் இரண்டு நாளைத் தாண்டவில்லை.

"தீஞ்ச ரப்பரைக் குடிக்கிற மாதிரி இருக்கு, லின்."

"அப்ப குடிக்காத."

"குடிக்கலேன்னா கடைக்குப் போயிடுவேன்."

போகவும் செய்தார். காயில் கருகிய நாளெல்லாம் மூலைக் கடை வாசலில் நின்றார். அவர் கோட்டை மாட்டும்போது அதை லினெட் மோந்து கண்டுபிடித்தாள். சொல்லிச் சொல்லி ஓய்ந்தவள்.

மார்ச் மாதத்தில் இருமல் இன்னும் மோசமானது. இதற்குக் காரணம் தெரிந்தபோது லினெட்டுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று புரியவில்லை. பேண்ட்காரர்கள் எல்லோர் பையிலும், குழலின் வால்வு சிக்காமல் ஓட, ஒரு சின்னக் குப்பி வால்வு எண்ணெய் இருக்கும். நெவிலுக்கு அது சர்வரோக நிவாரணி. கதவு கிரீச்சிட்டால் அது, மூக்குக் கண்ணாடிக் கால் இறுகினால் அது, லினெட்டின் தையல் மெஷினுக்கும் அதுதான். இ-சிகரெட்டின் மரை திருகும்போது இறுக்கமாக இருந்திருக்கிறது. கை தன்னால் பைக்குப் போயிருக்கிறது.

லினெட்தான் அவரை ருக்ஸானாவின் கடைக்கு இழுத்துப் போனாள். கீழூரில் சிப்ஸ் கடைக்குப் பக்கத்தில் இ-சிகரெட் விற்கும் வேப் கடை வைத்திருப்பவள். அவள் வீட்டுக் கூரை ஒழுகியபோது நெவில்தான் ஓடு மாற்றினார். ருக்ஸானா கருவியைக் கழற்றினாள், மூக்கருகே கொண்டுபோனாள், முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணே, இதுல என்ன ஊத்துனீங்க?"

"ஊத்தலம்மா. மரை பிடிச்சுது. ரெண்டே சொட்டு வால்வு எண்ணெய்."

"எண்ணெய்."

"உசத்தியான எண்ணெய்தான்."

"எண்ணெய் ஆவி நெஞ்சுக்குள்ள போனா விளையாட்டு இல்லண்ணே. ஊதுற குழலுக்குப் போடுறத உங்க நுரையீரலுக்குப் போட்டிருக்கீங்க." முழுக் கருவியையும் குப்பைக் கூடையில் போட்டாள். "நாளைக்குக் காலைல முதல் வேலை, நர்ஸைப் போய்ப் பாக்கறீங்க. எதையும் மறைக்காமச் சொல்றீங்க."

"நல்லவேளை, என் முட்டி வலிக்குத் தடவி விடல" என்றாள் லினெட்.

"நீ கேக்கவே இல்லையே" என்றார் நெவில்.

ருக்ஸானா புதிதாக ஒன்றை எடுத்து, காயில் போடாமலே அவர் கையில் கொடுத்து எப்படி இழுப்பார் என்று காட்டச் சொன்னாள். நெவில் முதுகை நிமிர்த்தினார், தொண்டையைத் திறந்தார், பேண்டில் மார்ச் இசை தொடங்கும் முன் இழுப்பது போல ஒரே வீச்சில் இழுத்தார். சுவரில் ஒட்டிய தாள் ஆடியது என்று லினெட் இன்றைக்கும் சொல்வாள்.

"அதான் விஷயம்" என்றாள் ருக்ஸானா. "பஞ்சு பாவம், அந்த வேகத்துக்கு எங்க குடிக்கும்? காஞ்சு கருகிடுது. மெதுவா, டீ உறிஞ்சற மாதிரி உறிஞ்சுங்க. ஒரு தடவ இழுத்தா அதுக்கு மூச்சு வாங்க நேரம் குடுங்க. சூட்டக் குறைச்சு வைங்க. திரவம் இந்தக் கோட்டுக்குக் கீழ போக விடாதீங்க. என்ன வாசனை போடறீங்க?"

"கஸ்டர்ட்."

"இனிப்பு. பால் அடிப்பிடிச்ச சட்டி மாதிரி சுருள்ல ஏறிக்கும். புதினாவுக்கு மாறுங்க."

பிறகு ஒரு புதுக் காயிலை எடுத்தாள். பஞ்சு தெரியும் ஓட்டைகளில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். திருகினாள், தொட்டியை நிரப்பினாள், மேஜை மேல் நிறுத்தினாள்.

"இப்பப் பத்து நிமிஷம். யாரும் தொடக்கூடாது."

"பத்தா?"

"பத்து. ஊறட்டும்."

நெவிலின் கை இரண்டு தடவை நீண்டது. இரண்டு தடவையும் லினெட் தட்டிவிட்டாள். வேறு வழியில்லாமல் அவர் குனிந்து கண்ணாடித் தொட்டியைப் பார்த்தார். பஞ்சுக்குள்ளிருந்து கடுகளவு குமிழ் ஒன்று கிளம்பி மேலே போனது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னும் கிட்டப் போனார்.

"லின், இங்க பாரு. குடிக்குது. குடிச்சுட்டு மூச்சு விடுது."

லினெட் குமிழைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். ஐந்து நிமிடமாக இந்த மனிதர் அசையவில்லை. கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் கூட இப்படி நின்றதில்லை.

நர்ஸ் அவரைப் பிடித்து உலுக்கி, நெஞ்சைப் படம் எடுக்க வைத்துப் பார்த்து, பிழைத்துப் போ என்று அனுப்பினார். அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைப் பற்றி லினெட் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். காயில் மாற்றும் நாளில் நெவில் அதைச் சமையலறை ஜன்னலில் நிறுத்துவார். பத்து நிமிடம் சும்மா உட்கார முடியாமல் யூஃபோனியத்தை எடுத்து ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதுவார். முதலில் எட்டு எண்ணுவதற்குள் அறுந்தது. அப்புறம் பன்னிரண்டு. காயில் மாற்றிய தேதியை லினெட் காலண்டரில் வட்டமிட்டாள். வட்டங்களுக்கு நடுவே இடைவெளி இரண்டு நாளிலிருந்து ஐந்துக்குப் போனது, ஐந்திலிருந்து பதினொன்றுக்கு. மே மாதத்தில் ஒரே ஒரு வட்டம்தான்.

ஏணியைப் பிடிக்கும்வரை காத்திருக்காத கைகள், பேட்டரியும் தொட்டியும் சேரும் இடத்தைத் தினமும் உலர்ந்த துணியால் துடைத்தன. ஞாயிறுதோறும் தொட்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்தன. மூலைக் கடைக்காரர் லினெட்டிடம் "நெவிலுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, ஆளையே காணோமே" என்று கேட்டார். இருமல் ஒரேயடியாகப் போகவில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டது. டீச்சர் அந்தத் தனி வாசிப்பை அவருக்கே விட்டு வைத்திருந்தார். விட் வெள்ளியன்று பார்க்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

விட் வெள்ளி மாலை மூன்று ஊர் முடிந்து நாலாவது ஊருக்கு வந்தார்கள். மூன்றிலும் நெவில் தப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இடையில் ஒரு குட்டி மூச்சைத் திருடிக்கொண்டார். டீச்சரின் புருவம் அதைக் கவனித்தது. நாலாவது ஊரில்தான் பெரிய கூட்டம், பெரிய நடுவர். வெயில் இன்னும் மலை மேல் இருந்தது. இவர்களுக்கு முன்னால் எட்டு பேண்ட் வாசிக்க வேண்டும் என்றார்கள். நெவில் ஒரு கல் சுவரோரம் நின்று மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார். முகம் மாறியது.

"கருகிடுச்சு."

இருபத்து மூன்றாவது நாள். லினெட் கைப்பையிலிருந்து புதுக் காயிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் சொட்டு விட்டார், திருகினார், நிரப்பினார், சுவர் மேல் நிறுத்தினார். மணி பார்த்தார். மூன்று நிமிடம் ஆகியிருக்காது, கையில் பட்டியல் அட்டையோடு போட்டி நடத்துகிறவர் ஓடி வந்தார். முன்னால் வாசிக்க வேண்டிய பேண்டுகளின் பஸ்கள் வழியில் மாட்டிக்கொண்டனவாம்.

"ஸ்லேடன் புரூக், அடுத்து நீங்கதான். கிளம்புங்க."

பெரிய பாஸ் குழலைத் தோளில் மாட்டிய ராட்னி பக்கத்தில் வந்தார். நெவிலின் பழைய கூட்டாளி. எத்தனையோ ஒத்திகை வாசலில் ஒரே தீக்குச்சியைப் பங்கு போட்டவர்கள். சிகரெட் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வா. கை எப்படி ஆடுது பாரு. இப்படியா வாசிக்கப் போற?"

நெவில் பெட்டியைப் பார்த்தார். சுவர் மேல் நிற்பதைப் பார்த்தார். அதன் பொத்தானை இப்போதே அழுத்தினால் அதுவும் கருகும். பெட்டியில் கைவைத்தால் நாற்பது வருடம் திரும்பி வரும்.

"நீ இங்கயே நில்லு, லின். யாரும் தொடாமப் பாத்துக்க. இன்னும் ஏழு நிமிஷம்." யூஃபோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு இழுப்பும் இழுக்காமல் போய்விட்டார்.

அதனால் லினெட் அவர் வாசித்ததைப் பார்க்கவே இல்லை. சுவர் தெரு முனைக்கு இந்தப் பக்கம். பேண்டும் கேரவனும் அந்தப் பக்கம். முரசு கேட்டது, கொம்புகள் எழுந்தன, பிறகு எல்லாம் அடங்கி யூஃபோனியம் மட்டும் வந்தது. அவள் அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தொட்டிக்குள் ஒரு குமிழ் மேலே போனது. மெட்டு ஏறியது, வளைந்தது, மூன்று ஊரிலும் அவர் மூச்சைத் திருடிய இடத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. லினெட்டுக்கு மார்பு வலித்தது, தாங்க முடியாமல் மூச்சை விட்டு மறுபடி இழுத்தாள். அவர் இன்னும் முதல் மூச்சில்தான் இருந்தார். சிப்ஸ் பொட்டலத்தோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் நடு ரோட்டில் நின்றுவிட்டார். இது என் வீட்டு மனிதரா, நாலு படி தாவுகிற அந்த ஆளா என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தபோது நெவிலின் சட்டை நனைந்திருந்தது. ராட்னி பெட்டியை உள்பைக்குள் ஆழமாகத் தள்ளிக்கொண்டார்.

"பத்து நிமிஷம் தாண்டிடுச்சு. எடுத்துக்க" என்றாள் லினெட்.

"இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் அதன் பக்கத்திலேயே சுவர் மேல் உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு நாலாவது ஊர் நடுவரின் தாள் வந்திருந்தது. பரிசு கிடையாது, ஒன்பதாவது இடம். அன்றைக்கு பேண்டின் சீருடைக் கோட்டுகளுக்கு அளவெடுக்க லினெட்டும் போயிருந்தாள். டீச்சர் தாளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் படித்தார். தொடக்கம் அவசரம், கொம்புகள் கொஞ்சம் சுருதி விலகல். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"'யூஃபோனியம் வாசிக்கும் இளைஞர் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த வயதில் இப்படி ஒரு மூச்சை நான் கேட்டதில்லை. அவரை சிகரெட் பக்கம் போக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.'"

யாரும் சிரிக்கவில்லை. கேரத் எழுந்து நின்றான். அவனைப் பார்த்து ராட்னி எழுந்தார், பிறகு மற்றவர்கள். டீச்சர் தாளை நெவிலிடம் நீட்டினார். அவர் அதை மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனார். ஒத்திகை தொடங்கப் பத்து நிமிடம் தாமதமானது. டீச்சர் கைக்கோலைத் தட்டவில்லை.