துணியில் ஓடிய காமன் கூத்து

இலங்கை மலையகத்து நோர்வூட்டில் என் வீட்டு முன்னறையில்தான் பழைய படச்சுருள்களை வீடியோவாக மாற்றுகிறேன். சுவரில் வெள்ளைத் துணி, எதிரே புரொஜெக்டர், பக்கத்தில் கேமரா. என் வேலையில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து முருகையா அண்ணன் ஒரு சுருள் கொண்டுவந்தார். முன்பு தோட்டத்தை நிர்வகித்த துரை எடுத்தது, அவருடைய பங்களாவைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். ஓட்டினேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் காமன் கூத்து ஆடுகிறார்கள். ஒருவர் தப்புப் பறை அடித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத படம்.

"எங்க அப்பாங்க. வீட்டு போட்டோவுல உள்ள அதே மொகம். நான் கைப்புள்ளையா இருக்கறப்பவே போயிட்டாரு" என்றார் அண்ணன். கொஞ்சம் பார்த்துவிட்டு, "ஆனா ரொம்ப ஓட்டமா இருக்கு தம்பி. இப்படி அடிச்சா ஆடுறவன் விழுந்துருவான்" என்றார்.

அவரும் வருஷா வருஷம் கூத்துக்குத் தப்படிப்பவர். நான் எப்போதும் ஓட்டும் வேகம் இந்தச் சுருளுக்குப் பொருந்தவில்லை போலும். "அப்ப நீங்களே அடிச்சுக் காட்டுங்கண்ணே" என்றேன். மேசையில் விரலால் அடித்தார். நான் புரொஜெக்டரின் வேகத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில், துணியில் அப்பாவின் கை தப்பில் விழுவதும் மேசையில் சத்தம் எழுவதும் ஒன்றாகிவிட்டன. அவர் நிறுத்தவில்லை. நான் கேமராவில் ஒலியையும் சேர்த்துப் பதிந்தேன்.

சுருள் முடிந்து துணி வெறும் வெளிச்சமான பிறகும் அவர் விரல்கள் ஓயவில்லை.

எத்தனையோ படங்களை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அப்பாவும் மகனும் சேர்ந்து தப்படித்தது அந்த ஒன்றில்தான்.