எரியோட்டு ஆவாரம்பூவும் என் பொட்டலத்துப் படமும்

பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமை திண்டுக்கல் பக்கத்து எரியோடு போய் வந்தேன். ஊர் பார்க்க அல்ல, சண்டை போட. திருச்சியில் நானும் மனைவியும் வீட்டிலேயே மூலிகைத் தேநீர்ப் பொட்டலம் போட்டு விற்கிறோம். எங்களுக்குக் காய்ந்த ஆவாரம்பூ அனுப்புகிறவர் எரியோட்டுப் பக்கம் இருக்கும் ஜெயராணி அக்கா. மூன்று வருடமாக மூட்டை பஸ்ஸில் வரும். அவரை நேரில் பார்த்ததில்லை.

மார்கழியில் இரண்டு வாடிக்கையாளர்கள், பொட்டலத்துப் படத்தில் இருக்கும் பூ வேறு, உள்ளே இருக்கும் பூ வேறு என்று எழுதினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மைதான். கோபத்தில், மூலிகை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் அக்கா பெயரைப் போட்டு ‘கலப்படம்’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் அவரே போன் செய்தார். "நேர்ல வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

காலை ஐந்து மணிக்குத் திருச்சியில் பஸ். ஏழரைக்குத் திண்டுக்கல். பஸ் ஸ்டாண்டில் வடையும் டீயும் 30 ரூபாய். அங்கிருந்து எரியோட்டுக்கு இருபது கிலோமீட்டர். முக்கால் மணி நேரம், டிக்கெட் 22 ரூபாய். கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ, 100 ரூபாய். பூப் பறிக்கிற இடம் என்றதும் ஓட்டுநர், "ஆவாரங்காட்டுக்கா? போனவுடனே திரும்பிருவீங்க. அங்க ஒரு நெழலு கெடையாது" என்றார்.

நிழல் இல்லைதான். சரளைக்கல் கலந்த செம்மண் தரிசு, நடுவே இடுப்பளவுக்கும் தோளளவுக்கும் மஞ்சள் புதர்கள். யாரும் நட்டதில்லை, தண்ணீர் விட்டதில்லை. ஆடுகள் அதை விட்டுவிட்டுப் பக்கத்துப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. ஜெயராணி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, இடுப்பில் துணிப்பை. மொட்டை விட்டுவிட்டு விரிந்த பூவை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்ன பிறகும் கை நிற்கவில்லை.

நான் பொட்டலத்தை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இது ஆவாரையா தம்பி? ரோட்டுக்கு நடுவுல வக்கிற செடியில்ல இது!"

ஒரு கிளையை வளைத்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "நல்லாப் பாருங்க. இதுல அஞ்சு இதழும் தனித்தனியா, ஓரம் சுருங்கி இருக்கா? நடுவுல நூலு கணக்கா நீட்டமா வளஞ்சிருக்கா? ஒங்க படத்துல பூவு கொழா மாதிரி இருக்கு. எலையில ரம்பப் பல்லு வேற. ஆவாரை எலை புளிய எலைக்கு அண்ணன் மாதிரி, ஓரம் வழுவழுன்னு இருக்கும். எலக் காம்படியில பாருங்க, காது மாதிரி ஒண்ணு. காயி தட்டையா, காயிதம் கணக்கா." பிறகு நிமிர்ந்து கேட்டார்: "படம் எடுத்தது ஆரு?"

நான்தான். பைபாஸ் ரோட்டில் பைக்கை நிறுத்தி எடுத்தது. அப்படியே சொன்னேன்.

"நான் அனுப்புனது அம்புட்டும் சுத்தமான பூவு. நீங்க எழுதுனதப் பாத்துட்டு எங்கிட்ட வாங்குற ரெண்டு பேரு வேணாம்னுட்டாங்க."

அங்கேயே நின்று குழுவில் நடந்ததை எழுதி, மன்னிப்பும் கேட்டேன். திரையைக் காட்டினேன். படித்துவிட்டு, "அட்டைய மாத்திட்டு வாங்க, பூ தாரேன்" என்றார். மறுபடி கிள்ளத் தொடங்கினார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை; கேட்கவும் துணியவில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு: மழைக்காலம் முடிந்து தை, மாசியில் போங்கள். காலை பத்துக்குள் முடித்துவிடுங்கள். தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் வேண்டும். எரியோட்டைத் தாண்டினால் நான் போன வழியில் கடை இல்லை. ஆட்டோவைத் திரும்பி வரச் சொல்லி நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். பூவைச் சும்மா பறித்துப் போடாதீர்கள், அது அங்கே ஒருவருடைய அன்றாட வேலை. எனக்குப் போக வரச் செலவு 600 ரூபாய்க்குள் முடிந்தது.

கிளம்பும்போது அக்கா ஒன்று கேட்டார்: "குழுவுல சொல்லிட்டீங்க, சரி. அங்கேருந்து வெளிய போன பேச்சுக்கு என்ன செய்வீங்க?" வீட்டுக்கு வந்து இதை எழுதினேன். எரியோட்டு ஆவாரம்பூவில் கலப்படம் என்று எங்காவது கேள்விப்பட்டிருந்தால், அதைச் சொன்னவன் நான். அது பொய்.